விழுங்காத தேநீர்

"வெறும் வயிறுங்களா சார்?" என்று ரத்தம் எடுக்க வந்த பெண் கேட்டாள்.

"வெறும் வயிறுதாங்க. காலையில இருந்து ஒரு அம்பது கப் டீ ஆச்சு, அவ்வளவுதான்."

அவள் ஊசியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டாள். வருடாவருடம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஊழியர்களின் ரத்தம் எடுத்துப் போகிற குழு அது. ஆனால் அந்தப் பெண் புதிது. "பரவால்லைங்க, விழுங்கலை. எல்லாம் துப்பினதுதான்" என்றேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். மேலே எதுவும் கேட்காமல் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். சிலரிடம் விளக்கம் கேட்டால் வேலை கெடும் என்பது அந்தத் தொழிலில் சீக்கிரம் புரிந்துவிடும்போல.

அன்று அவளிடம் அத்தனை தெளிவாகச் சொன்ன விஷயத்தை அடுத்த சில வாரங்களுக்கு நான் முற்றிலும் மறந்துபோனேன். இந்தக் கட்டுரையே அந்த மறதியைப் பற்றியதுதான்.

என் தொழில் தேநீரை ருசி பார்ப்பது. குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு வரும் சாம்பிள்களைக் குடித்துப் பார்த்து இது இன்ன விலை பெறும் என்று சொல்ல வேண்டும். நீளமான மேஜையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒரு கரண்டியில் அள்ளி, நாகரிகமானவர்கள் முகம் சுளிக்கும் சத்தத்தோடு உறிஞ்ச வேண்டும். நாக்கில் புரட்டி, அண்ணத்தில் தட்டி, மூக்கு வழியாக ஒரு மூச்சு விட்டு, சக்கரம் வைத்த உயரமான துப்பும் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போக வேண்டும். தொட்டியை முழங்காலால் தள்ளிக்கொண்டே வரிசையின் கடைசிவரை போவோம். ஏலம் நெருங்கும் நாட்களில் இருநூறு கிண்ணங்களைத் தாண்டும். நாக்கு கெட்டுவிடக் கூடாதென்று ஊறுகாய், பச்சை வெங்காயம் பக்கம் போவதில்லை. வீட்டில் தேநீர் தொடுவதே இல்லை. நாள் முழுக்க அதில் கிடந்துவிட்டு வீட்டிலுமா? மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த என் மனைவி மாலைத் தேநீரைத் தனியாகத்தான் குடிப்பாள். கல்யாணமான புதிதில் எனக்கும் சேர்த்துப் போட்டாள். ஒருநாள் அவள் தேநீரைப் பற்றி, தொழில்முறையில், இரண்டு வார்த்தை சொன்னேன். அதன்பிறகு போடுவதில்லை.

பரிசோதனை முடிவு மின்னஞ்சலில் வந்தது. சர்க்கரை சரி. கொழுப்பு சரி. இரண்டும் எனக்கு ஏமாற்றம்கூட. ஐம்பத்திரண்டு வயதில் ஏதாவது ஒன்றைப் பற்றிப் புலம்ப வேண்டாமா? அப்புறம்தான் தடித்துக் கறுத்த எழுத்தில் அச்சாகியிருந்த வரியைப் பார்த்தேன். கிரியாட்டினின் 1.5. அதற்குக் கீழே யூரியா, அதுவும் கறுப்பில். அதற்கும் கீழே ஜி.எஃப்.ஆர். 56.

கிரியாட்டினின் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அப்பாவுக்காக. ஊட்டியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் மலையிறங்கி, கோயம்புத்தூரில் டயாலிசிஸ் முடித்து, மறுபடி பஸ் ஏறி வருவார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். அப்பா அந்த அளவைக் காலையிலேயே ஒரு சொம்பில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிடுவார். ஒரு குட்டி டம்ளரில் ஊற்றி ஊற்றிக் குடிப்பார். "இன்னும் ரெண்டு வாய் பாக்கி இருக்குது" என்று மாலையில் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். அந்தக் குளிரிலும் அவருக்குத் தாகம் எடுத்தது. நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் சொம்பைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே அந்தக் கறுப்பு வரியைப் படித்தபோது எனக்குள் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அப்பா போன பஸ்ஸில் எனக்கும் சீட்டு போட்டாயிற்றா?

மனைவியிடம் "ஒண்ணு மட்டும் துளி ஜாஸ்தியாம், டாக்டரைப் பார்க்கச் சொன்னாங்க" என்றேன். அவள் பணிபுரியும் பள்ளியில் அது பரீட்சை நேரம். "பார்த்துட்டு வாங்க" என்றாள்.

டாக்டர் ராமநாதபுரத்துப் பக்கத்துப் பெண்மணி. குன்னூருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். என் ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்துவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினார்.

"வலி மாத்திரை அடிக்கடி போடுவீங்களா சார்?"

"இல்லைங்க."

"பிளட் பிரஷர்?"

"ஏலத்தன்னிக்கு மட்டுங்க."

அவர் சிரிக்காமல் கையில் பட்டையைச் சுற்றி அளந்து பார்த்தார். அன்று ஏலம் இல்லை. சரியாகவே இருந்தது.

"முந்தின நாள் ராத்திரி கறி நிறைய சாப்பிட்டீங்களா? ஜிம்முக்குப் போய் பவுடர் ஏதும் கலக்கிக் குடிக்கிறீங்களா? அதெல்லாம்கூட இந்த எண்ணைக் கொஞ்சம் ஏத்திக் காட்டும்."

என் உடலைப் பார்த்து ஜிம் என்ற சொல்லை உச்சரித்த முதல் மனிதர் அவர்தான். நன்றியோடு இல்லை என்றேன்.

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"தண்ணி கம்மிதாங்க. தாகமே எடுக்கறதில்ல. ஆனா டீ நாள் பூரா. ஏல வாரத்துல தெனமும் இருநூறு கப் வருங்க."

டாக்டர் தலை நிமிர்ந்தார். "இருநூறா?"

"என்ற வேலையே அதுதானுங்க."

நான் பொய் சொல்லவில்லை. விடிந்ததிலிருந்து அடையும்வரை வாய் ஈரமாக இருக்கிற மனிதன், தான் நீருக்குள் வாழ்கிறவன் என்றுதான் நினைத்துக்கொள்வான். முப்பது வருடமாக நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். டாக்டரோ நாகரிகமானவர். இந்த மலையில் மனிதர்கள் இப்படித்தான் போல என்று எண்ணியிருப்பார். "அப்ப உடம்புல தண்ணி பத்தலைன்னு சொல்றதுக்கில்ல" என்று முணுமுணுத்து அந்தக் கேள்வியை அடித்துவிட்டார்.

பிறகு விளக்கினார். தசைகள் வேலை செய்யும்போது தினமும் ஒரு கழிவு உண்டாகிறது. அதுதான் கிரியாட்டினின். ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கு வரும், அது வடித்து வெளியே தள்ளும். வடிப்பது குறைந்தால் ரத்தத்தில் தங்கும், எண் ஏறும். நான் அதை உடனே ஃபாக்டரிக்கு மாற்றிக்கொண்டேன். தூளைச் சலித்து நாரைத் தனியே தள்ளுகிற மெஷின் உண்டு. தூளில் நார் கூடுதலாகத் தெரிந்தால் சல்லடையைச் சந்தேகப்பட வேண்டும்.

"ஆனா இதே 1.5 ஒரு பயில்வானுக்குச் சாதாரணமா இருக்கலாம். ஒல்லியா, வயசான ஒரு அம்மாவுக்குன்னா பெரிய விஷயம். தசை எவ்வளவோ அவ்வளவுதான் கழிவு. அதனாலதான் வயசையும் ஆணா பெண்ணாங்கறதையும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வேகமா வடிக்குதுன்னு கணக்குப் போட்டு இன்னொரு எண் குடுக்கறாங்க. ஜி.எஃப்.ஆர்."

"அம்பத்தாறுங்க. நூத்துக்கா?"

"பரீட்சை இல்ல சார். ஆனா அறுபதுக்குக் கீழன்னா நாங்க கவனிப்போம். ஒரு டெஸ்டை வச்சு எதுவும் சொல்றதில்ல. மூணு மாசம் தொடர்ந்து இப்படியே இருந்தாத்தான் நாள்பட்ட வியாதின்னு பேரே வைப்போம். சில வாரம் கழிச்சு மறுபடி எடுங்க. யூரின்ல புரதம் போகுதான்னும் ஒரு ஸ்கேனும் பார்த்திருவோம்."

இவ்வளவு பொறுமையாக அவர் சொன்னதில் நான் வீட்டுக்கு எடுத்துப் போனது ஐம்பத்தாறு என்ற எண்ணை மட்டும்தான். பள்ளியில் கணக்குப் பாடத்தில் அதற்கும் கீழே வாங்கிக்கொண்டு சீட்டியடித்தபடி வீட்டுக்குப் போயிருக்கிறேன். அன்று சீட்டி வரவில்லை.

பிறகு வைத்தியத்தை நானே கையில் எடுத்தேன். போனில் படித்துப் படித்து வாழைப்பழத்தை நிறுத்தினேன். தக்காளியை நிறுத்தினேன். பருப்பைப் பாதியாக்கினேன். ஒரு டாக்டரும் சொல்லவில்லை. அப்புறம் அலமாரியில் தேடி ஒரு குட்டி எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். ஏற்கெனவே கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரை அதில் அளந்து இன்னும் கொஞ்சமாக்கினேன். சல்லடை பழுதென்றால் மெஷினில் போடுவதைக் குறைக்க வேண்டும், இதில் என்ன சந்தேகம்? அப்பா அப்படித்தானே இருந்தார்.

"ஏனுங்க, ரசத்துல தக்காளி கிடந்தா எடுத்து ஓரமா வைக்கறீங்க. சின்னக் கொழந்தையாட்ட டம்ளர் வேற" என்றாள் மனைவி. "விரதமுங்களா?"

"கிட்னிக்கு ஓய்வு குடுக்கறேன்."

"அது கேட்டுச்சா உங்ககிட்ட?"

தியாகத்தில் இருக்கிறவனுக்கு நகைச்சுவை பிடிக்காது.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த வரிசையில் நின்று ருசி பார்க்கும் நண்பர், என்னைவிட மூத்தவர், விஷயத்தை எப்படியோ தெரிந்துகொண்டார். ஒரு கிண்ணத்தை உறிஞ்சித் துப்பிவிட்டு, "ஏப்பா, உன்ற கிட்னி எந்த கிரேடு?" என்றார்.

"டஸ்ட்டுங்க." சல்லடையில் கடைசியாக விழும் பொடித் தூளுக்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர்.

"டஸ்ட்டுன்னா நல்லா வெல போகும். கவலப்படாத" என்று அடுத்த கிண்ணத்துக்குப் போனார்.

இரண்டாம் தடவை ரத்தம் கொடுத்தேன். கிரியாட்டினின் 1.6. ஜி.எஃப்.ஆர். ஐம்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. இத்தனை வாழைப்பழத்தைத் துறந்ததற்கு இதுதான் பரிசு. இந்தத் தடவை மனைவியிடம் எண்ணைச் சொன்னேன். அவள் கையிலிருந்த விடைத்தாள் கட்டைக் கீழே வைத்தாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டாள். என் அப்பாவுக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்தவள் அவள்தான். அந்த பஸ் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிறுநீர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடி ரத்த ரிப்போர்ட்டுக்கு வந்தார்.

"எனக்குப் புரியல சார். ரெண்டு கிட்னியும் அளவு சரியா இருக்கு. யூரின்ல புரதம் இல்ல. பழைய பழுதுக்கு உண்டான அடையாளம் ஒண்ணையும் காணோம். ஆனா யூரியாவும் கிரியாட்டினினும் ஏறுது. அதுலயும் யூரியா முன்னாடி ஓடுது. யூரின் ரொம்பக் கெட்டியா இருக்கு. புத்தகப்படி இது தண்ணி குடிக்காத ஆளோட ரிப்போர்ட். வயல்ல வெயில்ல வேலை பாக்குறவங்களுக்கு எங்க ஊர்ல இப்படி வரும். சார்தான் தினமும் இருநூறு கப் குடிக்கிறாரே."

"யாரு?" என்றாள் மனைவி.

டாக்டர் என்னைக் காட்டினார்.

"இவரா? இவரு எங்கீங்க குடிக்கறாரு? எல்லாத்தையும் துப்பறாருங்க, டாக்டரம்மா."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

"துப்புவீங்களா சார்?"

"ஆமாங்க. விழுங்கினா நாக்கு மரத்துப் போயிரும். தூக்கமும் வராது."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தாங்க."

"அப்ப இருநூறுல உள்ள போறது எவ்வளவு?"

முப்பது வருட அனுபவத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மனசுக்குள் வரிசையாகக் கிண்ணங்களை நிறுத்தி, ஒவ்வொன்றாகத் துப்பிப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

"ஊட்டுலயும் டீ குடிக்க மாட்டாருங்க" என்று மனைவி தொடர்ந்தாள். விட்டால் போதும் என்று அவள் காத்திருந்ததுபோல் இருந்தது. "கல்யாணமான புதுசுல குடிச்சதோட சரி. இப்பத் தண்ணியும் குட்டி டம்ளர்ல அளந்து குடிக்கறாருங்க. கேட்டா ஓய்வு குடுக்கறாராம்."

"யார் சொன்னா அப்படிக் குடிக்கச் சொல்லி?" டாக்டரின் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் கோபம்.

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஜன்னலோரச் சொம்பைச் சொன்னேன். அந்த ஸ்வெட்டர்களுக்குள் அவர் கோபம் அடங்கிப் போனது தெரிந்தது.

"உங்கப்பாவோட கிட்னி தண்ணிய வெளிய தள்ள முடியாத நிலைமைக்குப் போயிருச்சு சார். குடிச்சதெல்லாம் உடம்புலயே தங்கிரும், காலு வீங்கும், மூச்சு முட்டும். அதனால அவருக்கு அளவு. உங்களுது அப்படி இல்ல. அது தண்ணி கேட்டுக்கிட்டே இருக்கு. கிடைக்கிற கொஞ்சத்தைப் பிடிச்சு வைக்கப் பாக்குது. வடிக்கிறதுக்கு உள்ள போதுமான ஓட்டம் இல்ல. இதுல குளிரு வேற. வாய் எப்பவும் நனைஞ்சே இருக்கறதால தாகமும் தெரியல."

"அப்ப இவருக்கு ஒண்ணும் இல்லீங்களா?" என்றாள் மனைவி.

"அப்படி இப்பவே சொல்ல மாட்டேம்மா. தண்ணிதான் காரணம்னா, ஒழுங்காக் குடிச்சா எண் இறங்கணும். சில வாரம் குடிக்கட்டும், மறுபடி எடுப்போம். இறங்கலைன்னா கோயம்புத்தூர்ல பெரிய டாக்டர்கிட்ட அனுப்பத்தான் வேணும்."

கோயம்புத்தூர் என்றதும் மனைவி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. வெளியே வந்து ஏற்றத்தில் நடக்கும்போது, "வாழப்பழம் வாங்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள். வாங்கினோம். மூடுபனியில் நின்று ஆளுக்கொன்று சாப்பிட்டோம்.

குளிரில் தண்ணீர் குடிப்பது ஒரு வேலை. இங்கே பைப்பில் வருவதைக் குடித்தால் பல் கழன்று விழும்போலிருக்கும். மனைவி தினமும் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொடுத்துவிட்டாள். ருசிபார்க்கும் அறையில், கிண்ணங்களின் வரிசைக்கு நடுவே, நான் ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றி விழுங்கினேன். எதிர்ப்பக்கம் நின்ற நண்பர் கரண்டியோடு உறைந்து நின்றார்.

"விழுங்கிட்டயா?"

"விழுங்கிட்டேங்க."

"இந்த ரூமுக்குள்ள அத முதல்ல செஞ்ச ஆளு நீதான்" என்றார். "எப்படி இருக்குது?"

"கெட்டி இல்ல, கலர் இல்ல. ஆனா சுத்தமா இருக்குதுங்க."

அதற்குப்பின் வரிசையின் நடுவில் நான் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தது. ஒரு வரிசையை நிறுத்தாமல் முடிப்பது எங்கள் தொழிலில் கௌரவம். முப்பது வருட கௌரவம் ஒரு ஃபிளாஸ்க்கில் போனது. ஊட்டிக்கு பஸ்ஸில் போக வேண்டிய நாளில் ஜன்னல் சீட்டை விட்டுவிட்டு, இறங்க வசதியாகப் படியோரம் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் வாரத்திலேயே ஒரு மாலை மனைவி இரண்டு டம்ளர் தேநீரோடு வந்து உட்கார்ந்தாள். ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள். டாக்டர் சொன்னது தண்ணீரை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன். எடுத்தேன். என்னை அறியாமல் அந்தச் சத்தத்தோடு உறிஞ்சினேன். நாக்கில் புரட்டினேன். மூக்கு வழியாக மூச்சு விட்டேன். வாய் நிறையத் தேநீரோடு என் முழங்கால் மேஜைக்கடியில் தொட்டியைத் தேடியது.

"முழுங்குங்க" என்றாள்.

முழுங்கினேன். தொண்டைக்குள் சூடாக ஒன்று இறங்கிப் போய் எங்கேயோ உட்கார்ந்தது. எத்தனையோ வருடமாக நான் விலை சொல்லிக்கொண்டிருந்த பொருள் உள்ளே போனால் இப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

"தண்ணி ரொம்பக் கொதிச்சிருக்குது. பால்..." என்று ஆரம்பித்தேன்.

"மார்க்குப் போடாதீங்க. குடிங்க."

மூன்றாம் தடவை ரத்தம் எடுத்தது அதே பெண். லேபில் வேலைபார்க்கிறவள் என்று அன்றுதான் தெரிந்தது. "சார் இன்னிக்கும் துப்பிட்டு வந்தீங்களா?" என்றாள். "இல்லைங்க, இன்னிக்குத் தண்ணி. விழுங்கினது" என்றேன். அவளுக்கு அதுவும் விசித்திரமாகத்தான் இருந்திருக்கும்.

முடிவு வர மாலையானது. போனைத் திறக்காமல் கொஞ்ச நேரம் மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தேன். அப்பா டயாலிசிஸ் முடிந்து வந்த நாட்களில் ரிப்போர்ட்டைப் பார்க்காமலேயே மடித்துப் பையில் வைப்பார். அது அசட்டை என்று அப்போது நினைத்தேன். மனைவி சமையலறையிலிருந்து வந்து, நின்றபடியே போனைத் திருப்பினாள்.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு" என்று படித்தாள். "அது நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"கீழ இன்னொரு எண் இருக்கும் பாரு."

"எம்பத்தொண்ணு."

நான் ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். அவளாகவே புரிந்துகொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் டாக்டரும் அதையேதான் சொன்னார். இந்த வயதுக்குச் சரியாக இருக்கிறது, இன்னும் சில மாதம் கழித்து ஒரு தடவை எடுங்கள், அப்பாவுக்கு இருந்ததால் அப்புறம் வருடாவருடம் விடாமல் பாருங்கள். எண் இறங்கியதில் அவருக்கும் சந்தோஷம்தான். அந்தக் குளிர்காலத்துக்கு அவர் மூன்றாவதாக ஒரு ஸ்வெட்டர் வாங்கியிருந்தார்.

ஆனால் அந்த மாலையில் எனக்கு அப்பாவின் சொம்புதான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று அவரிடம் யாராவது ஒருநாள் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? எனக்கு அந்த அனுமதி பிறந்ததிலிருந்தே இருந்தது. ஊரெல்லாம் தேயிலையும் மழையுமாக இருக்கிற இடத்தில், வாயில் வாங்கி வாங்கித் துப்பிக்கொண்டிருந்தேன்.

குட்டி டம்ளரை மனைவி என்றைக்கோ அலமாரிக்குள் திருப்பி வைத்துவிட்டாள். பெரிய டம்ளரில் தேநீர் வந்தது. ஒரு வாய் எடுத்தேன். பால் அதிகம். தூள் மட்டமான ரகம். நானே சலுகை விலைக்கு வாங்கி வந்தது. கொதித்துக் கொதித்து அதிலிருந்த உயிரும் போயிருந்தது. அலுவலகத்தில் இதற்கு நான் எழுதும் சொல் 'தட்டை'.

"எப்படி இருக்குதுங்க?" என்றாள். எத்தனையோ வருடம் கழித்து அவளாகவே கேட்கிறாள்.

முதலில் விழுங்கினேன்.

"இன்னும் இருக்குதா?" என்றேன்.